இரவல் வார்ப்புரு, சொந்த விவரம்: இணையத்தளம் அமைப்போர் மறந்துவிடும் ஒரு கோப்பு

சென்ற ஆண்டு விஜயதசமிக்குச் சில வாரங்களுக்கு முன்பு, எங்கள் பேட்டையில் இயங்கும் சிறிய நடனக் குழு ஒன்றுக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுத்தோம். தொண்டூழியர்கள் மூவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, செலவு ஒரு வெள்ளிகூட இல்லை. புதிய பிள்ளைகளைச் சேர்க்க ஒரு படிவமும் வைத்தோம். மூன்று வாரமாகியும் ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை.

பிறகு தேக்கா நிலையத்தில் தற்செயலாகப் பார்த்த ஒரு தாயார் கேட்டார்: “படிவத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டேனே தம்பி, ஏன் யாரும் கூப்பிடவில்லை?”

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் புரிந்தது. இலவசமாக எடுத்த வார்ப்புருவில் அதை உருவாக்கியவரின் மின்னஞ்சல் அப்படியே இருந்தது. பிள்ளையின் பெயர், வயது, பள்ளி, பெற்றோரின் கைப்பேசி எண் எல்லாம் முன்பின் தெரியாத வெளிநாட்டவர் ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் மீது குற்றமில்லை. தவறு முழுக்க எங்களுடையது. ஒரே ஒரு கோப்பை நாங்கள் கடைசிவரி வரை படிக்கவில்லை.

தமிழ் வகுப்பு நடத்துவோர், பேட்டைக் குழுவினர், சிறு இசைக் குழுக்கள் எனப் பலருக்கும் பயன்படும் என்பதால் அந்தக் கோப்பைப் பற்றி எழுதுகிறேன்.

கிட்ஹப் தளத்தில் ஆயிரக்கணக்கான இணையத்தள வார்ப்புருக்கள் திறந்த மூலமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல ஜெக்கில் என்ற மென்பொருளை நம்பியிருப்பவை. கிட்ஹப்பை நிறுவியவர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் 2008ல் ஜெக்கிலை வெளியிட்டார். விருப்பமான வார்ப்புருவின் பக்கத்தில் ‘ஃபோர்க்’ என்ற பொத்தானை அழுத்தினால் அதன் முழு நகலும் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். பொதுவில் வைக்கப்பட்ட நகலுக்குக் கிட்ஹப் இலவசமாக இடமும் தருகிறது. (பொருள் விற்கும் கடைக்கான இடமன்று அது. சிராங்கூன் சாலை வணிகர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.)

வாடகைக்கு வீடு எடுப்பதைப் போன்றதுதான் இது. சாவி கைக்கு வந்துவிட்டது. ஆனால் வாசலில் பழைய குடியிருப்பாளரின் பெயர்ப் பலகை தொங்குகிறது, கடிதங்களும் அவருக்கே போகின்றன. இவற்றை மாற்றும் இடம், வார்ப்புருவின் முதல் அடுக்கிலேயே இருக்கும் ‘கான்ஃபிக்’ என்ற அமைப்புக் கோப்பு.

தளத்தின் பெயர், ஒருவரி அறிமுகம் ஆகியவை அதன் தொடக்கத்தில் இருக்கும். கூகல் தேடலிலும் வாட்ஸ்அப்பில் பகிரும்போதும் பெரும்பாலும் இவைதான் தெரியும். ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் அமைப்பின் பெயர், பிறகு முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி, அதற்குப் பின் உங்கள் விவரம். அந்த இடைவெளியை விட்டுவிட்டால் தளம் உருவாகாமல் நின்றுவிடும். உங்கள் தலைப்பிலேயே முக்காற்புள்ளி இருந்தால் அதை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். வரியை உள்ளே தள்ள ‘டேப்’ விசை கூடாது, இடைவெளி விசைதான். புதியவர்களைப் பாடாய்ப்படுத்துபவை இந்தச் சில்லறைத் தவறுகளே.

அடுத்து ‘யூஆர்எல்’, ‘பேஸ்யூஆர்எல்’ என்ற இரண்டு வரிகள். முதலாவது தளத்தின் முகவரி. இரண்டாவது, அந்த முகவரிக்குள் உங்கள் தளம் ஓர் உட்பிரிவாக இருந்தால் அதன் பெயர். களஞ்சியத்துக்கு ‘நடனம்’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தால் சாய்கோட்டுடன் அதே பெயரை இங்கே எழுத வேண்டும். எழுதாவிட்டால் வண்ணம், படம் எதுவும் வராமல் வெள்ளைத் தாளில் அச்சடித்ததுபோல் பக்கம் நிற்கும். பின்னாளில் சொந்த முகவரி வாங்கும்போது இந்த வரியைக் காலியாக்கிவிடுங்கள்.

நேர மண்டலத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதை ‘ஆசியா/சிங்கப்பூர்’ என்று ஆங்கிலத்தில் மாற்றியாக வேண்டும். கிட்ஹப்பின் கணினிகள் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நாம் எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். எதிர்காலத் தேதியிட்ட பதிவை ஜெக்கில் வெளியிடாது. இன்று காலை 9 மணி என்று நீங்கள் குறித்த அறிவிப்பை அது பொது நேரமாக எடுத்துக்கொண்டால், நமக்கு மாலை 5 மணி வரை அது எதிர்காலம்தான். அதன் பிறகும் தானாகத் தோன்றாது, தளம் மறுபடி உருவாக்கப்பட வேண்டும். காலைப் பொங்கல் நிகழ்ச்சி முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் அழைப்பு வந்து என்ன பயன்? பதிவின் தேதிக்குப் பின்னால் +0800 என்றும் சேர்த்துவிட்டால் குழப்பமே இல்லை.

இனி எங்களைச் சிக்கவைத்த பகுதி. இத்தகைய தளங்களால் தாமாகப் படிவத்தைப் பெற்றுக்கொள்ள முடியாது. ஏதேனும் ஒரு வெளிச்சேவை படிவத்தை வாங்கி மின்னஞ்சலில் அனுப்பும். அது எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பது அமைப்புக் கோப்பில் இருக்கலாம். சில வார்ப்புருக்களில் தொடர்புப் பக்கத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். எங்களுடையது இரண்டாம் வகை. பக்கத்தின் மேற்பரப்பைப் பார்த்தால் எந்தக் கோளாறும் தெரியாது. “நன்றி, உங்கள் தகவல் கிடைத்தது” என்ற செய்தியும் ஒழுங்காக வரும்.

கூகல் அனலிட்டிக்ஸ் குறியீடும் அப்படித்தான். ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் அது பழைய உரிமையாளருடையதாக இருந்தால், உங்கள் தளத்துக்கு வருவோரின் கணக்கு அவரிடம் சேரும். உங்களுக்குத் தேவையில்லை என்றால் அந்த வரியைக் காலியாக விடலாம். பக்கத்தின் அடியில் உள்ள ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் இணைப்புகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ‘சிநேம்’ என்ற பெயரில் தனிக்கோப்பு ஒன்று வந்திருந்தால் அதில் இருப்பது அவருடைய இணைய முகவரி. அதை நீக்கிவிடுங்கள்.

இங்கே சட்டமும் வருகிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய விதிகள் 2014 ஜூலை முதல் நடப்பில் உள்ளன. பதிவு பெறாத சங்கமும் அச்சட்டத்தின் பார்வையில் ஓர் அமைப்புதான். “நாங்கள் சின்னக் குழு” என்பது சமாதானமாகாது. அடையாள அட்டை எண்ணைப் படிவத்தில் கேட்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். சட்டம் கோரினாலோ, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்யும் தேவை இருந்தாலோ தவிர, 2019 செப்டம்பர் முதல் அமைப்புகள் அதைத் திரட்டக்கூடாது. நடன வகுப்பில் சேர அது எதற்கு?

இன்னொன்று. பொதுக் களஞ்சியத்தில் நீங்கள் எழுதும் அமைப்புக் கோப்பை உலகில் எவரும் திறந்து படிக்கலாம். ஆசிரியையின் கைப்பேசி எண்ணையோ வீட்டு முகவரியையோ எழுதிவிட்டு மறுநாள் அழித்தாலும், பழைய பதிப்பு மாற்ற வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும். பொது வார்ப்புருவை ஃபோர்க் செய்த நகலைத் தனிப்பட்டதாக மாற்றவும் முடியாது. சில வார்ப்புருக்களில் ‘வார்ப்புருவாகப் பயன்படுத்து’ என்ற பொருளில் வேறொரு பொத்தான் இருக்கும். அது பழைய வரலாறு இல்லாத புதிய களஞ்சியத்தைத் தரும். குழுக்களுக்கு நான் பரிந்துரைப்பது அதையே. தொடர்புக்குக் குழுவின் பெயரில் தனி மின்னஞ்சல் ஒன்று திறந்துகொள்ளுங்கள்.

மொழி என்ற வரியில் ஆங்கிலத்துக்குரிய குறியீடு இருக்கும். அதைத் தமிழுக்குரிய ‘டிஏ’ ஆக்குங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள், எந்த மொழிக் குரலில் பேசுவது என்பதை இதைப் பார்த்தே முடிவுசெய்யும். வார்ப்புருவின் எழுத்துரு பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மட்டும் இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைச் சேர்த்தால் போதும். 1995ல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றியபோது, தமிழ் எழுத்தைத் திரையில் கொண்டுவர நா.கோவிந்தசாமி பட்ட பாட்டை நினைத்தால், நம் வேலை ஒரு வரிதான். பதிவுக் கோப்புகளின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நான்கு வரிக்கு நீளும்.

சொந்த முகவரி வாங்க நினைப்போருக்கு டாட் எஸ்ஜி மட்டுமன்றி ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் முகவரியும் உண்டு. இது 2011 முதல் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கிட்ஹப்பில் அதைக் குறிக்கும்போது தமிழ் எழுத்தில் அல்லாமல் புனிகோட் வடிவில் தர வேண்டும். டாட் எஸ்ஜி முகவரியைப் பதிவுசெய்த பின் சிங்பாஸ் மூலம் உறுதிப்படுத்தாவிட்டால் அது முடக்கப்படும். டாட் எஸ்ஜி தளங்களைக் கேட்காமலேயே சேகரித்து ஆவணப்படுத்தும் அதிகாரம் 2019 ஜனவரி 31 முதல் தேசிய நூலக வாரியத்துக்கு உள்ளது. அரைகுறைத் தளமும் ஆவணமாகிவிடலாம்.

பழைய உரிமையாளரின் அடையாளங்களில் அழிக்கக்கூடாத ஒன்றும் உண்டு. அது உரிமக் கோப்பு. மினிமல் மிஸ்டேக்ஸ் போன்ற பல வார்ப்புருக்கள் எம்ஐடி உரிமத்தில் வருகின்றன. விரும்பியபடி மாற்றலாம், ஆனால் காப்புரிமைக் குறிப்பு நகலோடு இருக்க வேண்டும். உழைத்தவரின் பெயரை நீக்கி நம் பெயரைப் போட்டுக்கொள்வது அழகுமல்ல.

எல்லாம் முடிந்ததும் அவருடைய பெயரையும் மின்னஞ்சலையும் களஞ்சியம் முழுவதும் தேடுங்கள். உரிமக் கோப்பிலும் நன்றி வரியிலும் மட்டுமே அவை வர வேண்டும். பிறகு வேறொருவரின் கைப்பேசியிலிருந்து படிவத்தை நிரப்பி அனுப்பி, அது உங்கள் மின்னஞ்சலுக்கு வருகிறதா என்று பாருங்கள். எங்கள் குழு இப்போது மாதம் ஒருமுறை இதைச் செய்கிறது. வார்ப்புருவின் உரிமையாளருக்கு எழுதிக் கேட்டோம். வந்த விண்ணப்பங்களை எங்களுக்கு அனுப்பிவைத்து, தம்மிடம் இருந்தவற்றை அழித்துவிட்டதாகப் பதில் போட்டார். மொத்தம் ஏழு. ஏழு குடும்பங்களையும் ஆசிரியையே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். நான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள்.