அடித்த ஆசிரியரும் பழிதீர்த்த மாணவியும்

பழிவாங்கும் கதைகள் மனிதர்க்குப் புதியனவல்ல. ஆயினும், தொலைக்காட்சி நாடகம் ஒன்றின் முதற் பகுதியைக் கண்டோர், அது முடிந்த பின்னரும் நெடுநாள் வாதிட்டுக்கொண்டிருப்பது அடிக்கடி நிகழ்வதன்று. 2022 டிசெம்பர் 30ஆம் திகதி நெற்பிளிக்ஸில் வெளியான "த குளோரி" என்னும் கொரிய நாடகம் அத்தகையது. கிம் உன் சுக் அம்மையார் எழுதிய இந்நாடகத்தின் 16 பகுதிகளுள் 8 அன்றும், எஞ்சியவை 2023 மார்ச் 10ஆம் திகதியும் வெளிவந்தன. வயது வந்தோர்க்கென வகுக்கப்பட்டதாயினும், நம் மாணவர் பலர் அதனைப் பார்த்துவிட்டனர் என்பதை அவர்தம் பேச்சிலிருந்தே அறிகின்றோம்.

கதை 2004ஆம் ஆண்டில், பாடசாலை ஒன்றில் தொடங்குகின்றது. மூன் டொங் உன் ஏழை மாணவி. செல்வர் வீட்டு மகளான யோன் ஜின்னும் அவளுடைய கூட்டாளிகளும் உடற்பயிற்சி மண்டபத்தில் அவளைப் பிடித்துவைத்து, கூந்தலைச் சுருட்டும் மின்கருவியைச் சூடேற்றி அவள் மேனியிற் சுடுகின்றனர்.

இக்காட்சியைப் பற்றியே வாதம் எழுந்தது. இத்துணைக் கொடுமையைத் திரையிற் காட்டத்தான் வேண்டுமோ என்று கேட்டனர் ஒரு சாரார். பார்க்க மாட்டாது இடையிலே நிறுத்தியோரும் உண்டு. மறுசாராரோ, இது கற்பனையன்று என்றனர். 2006ஆம் ஆண்டு சொங்ஜு நகரில் மாணவியொருத்தி தன் வகுப்புத் தோழியராலேயே இவ்வாறு சுடப்பட்டதைக் கொரியப் பத்திரிகைகள் அப்போது நினைவூட்டின. தாய்லாந்திலே, 2023 ஜனவரியில், தாம் பள்ளிப் பருவத்திற் பட்ட துன்பங்களைப் பலர் வெளிப்படையாகச் சொல்லத் தலைப்பட்டனர். பெயர்பெற்ற நடிகர் ஒருவர் தம் இளமைக்காலச் செயலுக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இதனினும் வியப்பு, நாடகத்தின் இயக்குநரான ஆன் கில் ஹோ மீதே அத்தகைய குற்றச்சாட்டு எழுந்ததும், 1996இல் பிலிப்பைன்ஸில் மாணவராயிருந்தபோது நிகழ்ந்ததற்கு அவர் மன்னிப்புக் கோரியதுமாம்.

எனினும், ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு, அப்பகுதியில் மிகக் கொடிய காட்சி மண்டபத்தில் நிகழ்ந்ததன்று. டொங் உன் முதலிற் பொலிஸாரிடம் செல்கின்றாள், பயனில்லை. பாடசாலையை விட்டு விலக எண்ணி, விண்ணப்பத்திலே காரணம் எழுத வேண்டிய இடத்தில் தன்னை வதைத்தோரின் பெயர்களை எழுதிக் கொடுக்கின்றாள். அதைக் கண்ட வகுப்பாசிரியர் அவளையே அறைகின்றார்! அவள் செய்த குற்றம் உண்மையை எழுதியமையே. பின்னர் அவளைப் பெற்ற தாய் பணத்தைப் பெற்றுக்கொண்டு, பாடசாலை வாழ்வுக்கு மகள் ஒத்துவரவில்லை என்ற பொய்க் காரணத்திற்குக் கையொப்பமிடுகின்றாள். பரிவு காட்டியவர் பாடசாலைத் தாதி ஒருவரே; அவரும் அங்கு நிலைக்கவில்லை.

கண்ணகிக்கு வழக்குரைக்க ஓர் அவை இருந்தது. கேட்டுணர ஒரு மன்னன் இருந்தான். இப்பெண்ணுக்கோ பொலிஸ், பாடசாலை, வீடு ஆகிய மூன்று கதவுகளும் ஒரே பகுதிக்குள் அடைபடுகின்றன. பழிவாங்கல் தகுமா என்று வாதிட்டோருட் பலர் இதனை ஊன்றி நோக்கினாரல்லர்.

தன் மகள் ஒருநாள் கேட்ட கேள்வியே இக்கதைக்கு வித்தென்று கிம் உன் சுக் கூறியிருக்கின்றார். தான் ஒருவரைச் சாகும்வரை அடித்துவிட்டு வந்தால் அம்மாவுக்கு வருத்தம் மிகுமா, அடிபட்டு வந்தால் மிகுமா என்பது அக்கேள்வி. பிள்ளைகளை உடைய எவரும் உடனே விடை சொல்லக்கூடிய கேள்வியா அது?

தொழிற்சாலையில் உழைத்து, இரவிற் படித்து, டொங் உன் ஆசிரியையாகின்றாள். எதிரியின் இடத்தைக் காய்களாற் சூழ்ந்து கைப்பற்றும் "பதுக்" என்னும் பலகை ஆட்டத்தையும் கற்றுக்கொள்கின்றாள். கைநீட்டி அடியாமல், பகைவர் ஒருவரையொருவர் அழிக்குமாறு அவள் காய் நகர்த்துவதைப் பார்வையாளர் பெரிதும் பாராட்டினர். நாமும் அதன் நுட்பத்தை வியந்தோம். ஆனால், யோன் ஜின்னின் சின்னஞ்சிறு மகளுக்கே வகுப்பாசிரியையாக வந்து நிற்கின்றாளே, அதனை நம்மால் ஒப்ப முடியவில்லை. அக்குழந்தை செய்த பிழை யாது? வகுப்பறையைச் சதுரங்கப் பலகையாக்கும் உரிமை, எத்துணைத் துன்புற்ற ஆசிரியைக்கும் இல்லை.

2023 பெப்ரவரியில், கொரியப் பொலிஸ் புலனாய்வுத் தலைமைப் பதவிக்கு நியமனம் பெற்ற ஒருவர், மகன் பாடசாலையிற் செய்த வன்செயல் வெளிப்பட்டதனால் மறுநாளே விலக நேர்ந்தது. தந்தையின் வழக்காடும் வல்லமை மகனுக்குக் கேடயமாயிற்று என்று மக்கள் சினந்தனர். நாடகத்தின் பெயரும் அச்சினத்தோடு சேர்ந்தே ஒலித்தது. ஏப்ரல் மாதம் அரசாங்கம் புதிய நடவடிக்கைகளை அறிவித்தது. பாரதூரமான வன்செயல் பற்றிய பதிவு, பாடசாலையை விட்டு நீங்கிய பின் 2 ஆண்டுக்குப் பதிலாக 4 ஆண்டு பேணப்படும் என்பதும், பல்கலைக்கழக அனுமதியில் அது கருத்திற் கொள்ளப்படும் என்பதும் அவற்றுட் சில.

இவ்விதி 2004இல் இருந்திருப்பினும் டொங் உன்னுக்கு உதவியிருக்குமோ என்பது ஐயமே. பதிவேட்டில் எழுதப்படவேண்டிய செய்தி முதலிற் சென்றடைந்தது அந்த வகுப்பாசிரியரின் மேசையையே அன்றோ!