தெளிந்த நீரும் தூய நீரும்

கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைக் கலத்தினுட்புறம் இழைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. கலித்தொகைப் புலவர் அதனை உவமையாகவே ஆண்டிருக்கின்றார். இன்றைய சுத்திகரிப்பு நிலையங்களிற் படிகாரம் செய்யும் தொழிலும் ஏறக்குறைய அதுவே. நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை. ஆதலின் ஒன்றையொன்று விலக்கி, அடியிற் படியாது அலைகின்றன. படிகாரத்திலுள்ள அலுமினியம் அவ்வேற்றத்தைத் தணித்ததும் அவை திரண்டு படிகின்றன. நீர் தெளிகின்றது. ஆனால், தெளிந்த நீரெல்லாம் தூய நீராகுமா?

இவ்வினாவை எழுப்புதற்குக் கினிகத்தேனை மிகப் பொருத்தமான ஊர். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில் மட்டும் 3000 மில்லிமீட்டருக்கு மேல் அங்கு மழை பொழிகின்றது. அம்மலைப் பகுதியின் நீரைத் தாங்கிவரும் மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாகின்றன. அந்நீர் அம்பத்தலையிற் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பு மக்களின் குழாய்களை அடைகின்றது. ஊற்றின் அருகே வாழும் தோட்டத் தொழிலாளிக்கோ அப்பேறு எளிதில் வாய்ப்பதில்லை. பல தோட்டங்களில் ஊற்றுநீர் பிளாஸ்டிக் குழாய் வழியாகவோ பீலி வழியாகவோ லயத்து வாசலுக்கு அப்படியே வந்து சேர்கின்றது. மேட்டிலுள்ள மலசலகூடத்திலும் மாட்டுப்பட்டியிலும் இருந்து மழை அரித்துவரும் கிருமிகள், பளிங்கு போன்ற அந்நீரிற் கண்ணுக்குப் புலப்படா.

குளோரின் அவற்றைக் கொல்லும். ஆயினும் கலங்கல் நீரில் அதன் வலிமை அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். எனவே முதலிற் தெளிவு, பின்னர் தூய்மை என்பதே முறை.

செலவற்ற வேறொரு வழியும் உண்டு. பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஃப்திம் அக்ரா 1980ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டிய சூரியவொளி முறையை, சுவிட்சர்லாந்தின் ஈவாக் ஆய்வு நிறுவனம் 1991 முதல் விரிவாக ஆராய்ந்தது. நிறமற்ற பெட் போத்தலில் தெளிந்த நீரை நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணிநேரம் கிடத்த வேண்டும். வானிற் பாதிக்கு மேல் மேகம் மூடியிருப்பின் இரண்டு நாட்கள் வேண்டும். புறவூதாக் கதிரும் வெப்பமும் சேர்ந்து கிருமிகளை அழிக்கின்றன.

இங்கேதான் பிளாஸ்டிக்கின் தரம் முக்கியமாகின்றது. போத்தல் நிறமுடையதாயினும் கீறல் மிகுந்ததாயினும் கதிர் உட்புகுவது குறையும். நீர்த்தொட்டிக்கோ இதற்கு நேர்மாறான குணம் வேண்டும். வெறும் பொலித்தீன் வெயிலில் நொறுங்கும்; நுண்கரி கலந்த கரிய பொலித்தீனோ கதிரைத் தானே ஏற்றுத் தன்னைக் காத்துக்கொள்ளும். இருள் நிறைந்த தொட்டியிற் பாசியும் வளராது. ஒளியை விடுவது போத்தலின் சிறப்பு; தடுப்பது தொட்டியின் சிறப்பு. பொருளின் தரத்தை அது செய்யும் தொழிலே தீர்மானிக்கின்றது.

ஆயினும் அடைமழை நாட்களிற் சூரியனை நம்புதல் இயலாது. கினிகத்தேனையிற் கிருமிகள் அதிகம் அடித்துவரப்படும் காலமும் அதுவே. அந்நாட்களிற் கொதிக்க வைத்த நீரே குடும்பத்துக்குக் காவல். ஆனால் ஈரவிறகோடு போராடும் தாயிடம் அக்கடமை முழுவதையும் சுமத்திவிட்டு நாம் ஓய்ந்திருத்தல் நீதியன்று. ஊற்றுக்கண்ணைப் பாதுகாத்தலும், மணல்வடியும் குளோரினும் லயங்களுக்குக் கிட்டச் செய்தலும் பொதுப்பணிகள்.

ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே ஒரு சோதனை செய்து காட்டலாம். நீர் நிறைந்த போத்தலைச் செய்தித்தாளின் தலைப்பின்மேல் நிறுத்தி, வாய்வழியே நோக்குக. எழுத்துகள் தெரிந்தால், அந்நீர் வெயிலில் வைக்கத் தக்கது. பருகத் தக்கது அன்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மாணவர் உணர்ந்தால், அறிவு லயத்து வாசல்வரை சென்றதாகும்.