எலிக்கு விஷம் எதற்கு? வாளி போதுமே!



தை, மாசி மாதங்களில் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரக் கரிசல் காட்டிலிருந்து உளுந்தும் சோளமும் கம்பும் வீடு வந்து சேர்கின்றன. தானிய மூட்டைகளைத் தேடி எலிகளும் பின்னாலேயே வந்துவிடுகின்றன. தொல்லை பொறுக்காமல் நம்மில் பலர் முதலில் நாடுவது விஷப்பசையைத்தான். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

எலிப்பசைகளில் கொடியது மஞ்சள் பாஸ்பரஸ் கலந்தது. தீப்பெட்டித் தொழிலால் வாழும் நம் ஊருக்குப் பாஸ்பரஸ் புதிதன்று. தொழிலாளரின் தாடை எலும்பை அரித்ததால், இவ்வகைப் பாஸ்பரஸைத் தீக்குச்சியில் சேர்ப்பதை இந்தியாவில் 1913ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை செய்தது. குச்சி முனைக்கே ஆகாத நஞ்சை, குழந்தை தவழும் அடுக்களையில் தடவி வைக்கலாமா? இதை உட்கொண்டவர் ஓரிரு நாள் நலமாக இருப்பதுபோல் தோன்றலாம். பிறகு கல்லீரல் செயலிழக்கும். இதற்கு மாற்று மருந்து இல்லை. ஆகவே குழந்தை வாய் வைத்ததாகச் சிறிது ஐயம் எழுந்தாலும், உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

விஷமின்றிச் சுண்டெலியைப் பிடிக்க எளிய வழி உண்டு. ஒன்றரை அடி உயரமுள்ள வழுவழுப்பான வாளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலியான தகர டப்பாவின் இருபுறமும் நடுவில் துளையிட்டு, அதனூடே கம்பியைச் செலுத்தி, வாளியின் வாய்க்குக் குறுக்கே கட்டுங்கள். டப்பா தடையின்றிச் சுழல வேண்டும். அதன் நடுவே கடலைமிட்டாயை நசுக்கி ஒட்டுங்கள். 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்ப் பண்டம் எலியையும் மயக்கும்! தரையிலிருந்து வாளி விளிம்புவரை ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். டப்பாவில் கால் வைத்ததும் அது உருள, எலி உள்ளே விழும்.

எலிகள் சுவரோரமாகவே ஓடும். எனவே வாளியைச் சுவரை ஒட்டி வையுங்கள். பெரிய எலி வாளியிலிருந்து தாவிவிடும். அதற்குக் கூண்டுப்பொறியே ஏற்றது. அது புதுப்பொருளைக் கண்டு அஞ்சும். ஆதலால் இரண்டு மூன்று இரவுகள் கூண்டைப் பூட்டாமல் இரை மட்டும் வைத்துப் பழக்குங்கள்.

பாத்திரங்களை மூடி வைக்குமாறும், எலி திரியை இழுத்து வீட்டை எரித்துவிடக்கூடும் என்பதால் இரவில் விளக்கை அணைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். இன்று திரியின் இடத்தில் மின்கம்பி இருக்கிறது; எலி கடித்தால் அதுவும் தீப்பற்றும். தானியத்தைத் தகர டின்னில் மூடி வையுங்கள். பென்சில் பருமனுள்ள இடுக்கிலும் சுண்டெலி நுழையும். இரும்பு நாரைத் திணித்துச் சிமெண்டால் அடையுங்கள்.

ஃபஜ்ருக்கு எழுந்தவுடன் பொறியைப் பாருங்கள். எலியைக் கொல்ல மார்க்கம் அனுமதிக்கிறது, வதைக்க அனுமதிக்கவில்லை. வெந்நீர் ஊற்றுவதும், பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுப்பதும் கூடாது. ஒரே அடியில் முடித்து, வெறுங்கையால் தொடாமல் ஆழப் புதைத்து, சோப்பால் கை கழுவுங்கள். அடுத்த தெருவில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்; அண்டை வீட்டாருக்கும் நம்மீது உரிமை உண்டு.