வாழைத்தார் உறை: சுற்றளவில் பாதிதான் அகலம்

ஸ்ரீரங்கத்தை அடுத்த அந்தநல்லூர்ப் பக்கம் ஒரு விவசாயி, ஜி9 வாழைத்தாரின் சுற்றளவை அளந்து, அதே அகலத்துக்கு உறை வாங்கிவிட்டார். செலவு இரட்டிப்பு! உறை குழாய் மாதிரி. தட்டையாக வைத்தால் அகலம் சுற்றளவில் பாதிதான்.

அறுவடைக்கு வந்த தாரில் அளவெடுங்கள். பிஞ்சில் எடுத்தால், காய் பருத்ததும் உறை இறுக்கும். சுற்றளவு 120 செ.மீ. என்றால், காற்றோட்டத்துக்கு 20 சேர்த்து 140. வாங்கும் அகலம் 70. தார் நீளம் 100; மேலே கட்ட, கீழே தொங்க 30 சேர்த்து 130. ஒரு தாருக்கு 1.4 × 1.3 = 1.82 சதுர மீட்டர். ஆயிரம் தாருக்கு 1,820. சதுர மீட்டருக்கு 17 கிராம் எடையுள்ள நான்-ஓவன் துணி என்றால் சுமார் 31 கிலோ. தையல் சேதாரம் தனி.

உள்ளூர்ச் சந்தைக்குப் போகும் பூவனுக்கு இந்தச் செலவு வேண்டாம் என்பது என் எண்ணம். மற்றபடி, மொத்தமாக வாங்குமுன் ஓர் உறையைத் தாரில் மாட்டிப் பாருங்கள்.