தனிமரத்தின் கீழே ஓர் இடையன்

தனிமரம் தோப்பாகாது என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். ஆனால், ஒரு தனிமரத்தையே நடுவில் நிறுத்தி உலகப் புகழ் பெற்றுவிட்ட ஓவியம் ஒன்றும் உண்டு. அதைச் சற்று உற்றுப் பார்ப்போமா?

ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் 1822ஆம் ஆண்டில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய படம் அது. பெரிய படமன்று, உயரம் 55 சென்டிமீட்டர், அகலம் 71 சென்டிமீட்டர். 'தனிமரம்' என்றே பலரும் அதை அழைக்கிறார்கள்.

காலை நேரம். பசும்புல் வெளி, முன்னால் ஒரு குட்டை, தூரத்தில் கிராமத்து வீடுகள், அதற்கும் அப்பால் நீல மலைகள். நடுவே ஓர் ஓக் மரம். அழகான மரம் என்று சொல்லிவிட முடியாது. உச்சி பட்டுப்போய் மொட்டையாக நிற்கிறது. கீழ்க் கிளைகளில் மட்டும் இலைகள் அடர்ந்திருக்கின்றன.

அவசரமாகப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தவறவிட்டு விடுவார்கள். அந்த மரத்தின் அடியில் ஓர் இடையன் சாய்ந்து நிற்கிறான்! விரல் நுனியால் மறைத்துவிடலாம்; அவ்வளவு சிறிய உருவம். பக்கத்தில் அவனுடைய ஆடுகள் மேய்கின்றன. அவனைக் கண்டுகொண்ட பிறகு மரம் தனிமரமாகத் தோன்றுவதில்லை. தோப்பாகாவிட்டால் என்ன? ஒரு மனிதன் முதுகு சாய்க்க அது போதுமானதாக இருக்கிறதே!

பிரீட்ரிக் 1774இல் கிரைப்ஸ்வால்ட் என்ற ஊரில், சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்றவரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதில் தாயை இழந்தார். 1787இல் தம்பி நீரில் மூழ்கி மாண்டான். 1835இல் பக்கவாதம் தாக்கியது. எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது அரிதாயிற்று. 1840இல் டிரெஸ்டன் நகரில் கண் மூடியபோது அவரை ஏறக்குறைய எல்லாரும் மறந்திருந்தார்கள். 1906இல் பெர்லினில் நடந்த பெரிய கண்காட்சிதான் அவரை மீண்டும் உலகுக்குக் காட்டியது.

இந்தப் படத்தைக் கேட்டு வாங்கியவர் வாகனர் என்ற பெர்லின் வங்கியாளர். 1861இல் அவர் இறந்தபோது, தாம் சேர்த்த 262 ஓவியங்களையும் அரசருக்கு எழுதிவைத்தார். அவற்றைக் கொண்டே பெர்லின் தேசிய ஓவியக்கூடம் உருவானது. பணக்காரர் வீட்டுச் சுவரில் தொங்கிய இடையன் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது அப்படித்தான்.

இனி எந்தப் படத்தைப் பார்த்தாலும், பிள்ளைகளிடம் இப்படிக் கேளுங்கள்: "இதில் ஆள் எங்கே இருக்கிறார், கண்டுபிடி!" மலையும் மரமும் யார் கண்ணுக்கும் தெரியும். ஓரத்தில் நிற்கும் உழைப்பாளியைக் காண்பதற்குத்தான் பழக்கம் வேண்டும்.