எப்போது கொதிக்கிறது?

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்பம் பிறக்கிறது. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர் கார்களில் பல பத்தாண்டுகள் இருந்தது 1489 சிசி பி-சீரீஸ் பெட்ரோல் எஞ்சின். அப்படிப்பட்ட பழைய எஞ்சின் இந்த வெப்பத்தில் கால் பங்கு அளவைத்தான் வேலையாக மாற்றும். மிச்சத்தில் ஒரு பெரும் பகுதி புகையோடு சைலன்சர் வழியே போய்விடுகிறது. இன்னொரு பெரும் பகுதியை ரேடியேட்டர் காற்றில் கொட்டியாக வேண்டும். சிலிண்டருக்குள் பிறந்த அந்த வெப்பம் வார்ப்பிரும்புச் சுவரைக் கடந்து தண்ணீரில் ஏறுகிறது, பம்பு தள்ளும் தண்ணீரோடு ரேடியேட்டருக்கு வருகிறது, அங்கே மெல்லிய தகடுகளிலிருந்து காற்றுக்குப் போகிறது. இந்த வழியில் எங்கே தடங்கல் வந்தாலும் டாஷ்போர்டில் தெரிவது ஒன்றுதான்: முள் மேலே ஏறும். ஆகவே 'வண்டி ஹீட் ஆகுது' என்று கேட்டவுடன் எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று பேச்சைத் தொடங்குவது வீண். எப்போது ஹீட் ஆகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஒவ்வொரு பழுதுக்கும் அது வெளிப்படும் நேரம் வேறு.

அதற்கும் முன்னால், முள் சொல்வது உண்மையா என்று பார்த்துவிடுவது நல்லது. 1960-களின் பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பெட்ரோல் முள்ளுக்கும் வெப்ப முள்ளுக்கும் சேர்த்து ஒரே சிறிய ஸ்டெபிலைசர்தான், சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். அதன் எர்த் இணைப்பு துருப்பிடித்தால் இரண்டு முள்களும் சேர்ந்தே ஏறிவிடும். வெப்ப முள் சிவப்பைத் தொடும் நாளில் பெட்ரோல் முள்ளும் வழக்கத்துக்கு மேல் காட்டினால், எஞ்சினில் கைவைக்கவே வேண்டாம். இப்போது மலிவாகக் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இந்தச் சந்தேகத்தை நொடியில் தீர்த்துவிடும். ஆனால் பளபளக்கும் உலோகத்தின் மேல் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். தெர்மோஸ்டாட் மூடியின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அந்த இடத்தை அளக்க வேண்டும்.

வெப்பம் உண்மைதான் என்று உறுதியானால், நேரத்துக்கு வருவோம். நெரிசலில் நிற்கும்போது ஏறி, நெரிசல் விட்டு வண்டி வேகமெடுத்ததும் இறங்கினால், குறை பெரும்பாலும் காற்றில் இருக்கிறது. ஓடும் வண்டிக்கு எதிர்காற்று இலவசம். நிற்கும் வண்டிக்கு ஃபேன் மட்டுமே துணை. அம்பாசடரில் ஃபேனும் வாட்டர் பம்பும் ஒரே தண்டில் இருக்கின்றன. டைனமோவையும் சேர்த்து மூன்றையும் சுழற்றுவது ஒரே பெல்ட். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் காற்று, தண்ணீர், சார்ஜ் மூன்றும் ஒன்றாகக் குறையும். தகடுகளுக்கிடையே பூச்சியும் சேறும் அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். அந்த அழுக்கு முன்பக்கமிருந்து வந்தது என்பதால், தண்ணீரை எஞ்சின் பக்கமிருந்து வெளியே நோக்கிப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். எலெக்ட்ரிக் ஃபேன் போட்டால் எல்லாம் சரியாகும் என்பவர்கள் இந்த ஒரு வகைப் பழுதைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் கொதிக்கும் வண்டிக்கு அதனால் பயன் இல்லை.

நெடுஞ்சாலையில் கொதிப்பது வேறு கதை. அங்கே காற்று தாராளம், பிறக்கும் வெப்பமும் அதிகம். தடங்கல் தண்ணீரின் பாதையிலோ எரிதலிலோ இருக்க வேண்டும். இங்கே எனக்கு மிகவும் பிடித்த சோதனை, ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் தனித்தனியே அளப்பது. எஞ்சின் முழுச்சூட்டில் இருக்கும்போது இரண்டுக்கும் இடையில் மிதமான வித்தியாசம் இருப்பது இயல்பு. மேலே கொதித்துக் கீழே கைபொறுக்கும் சூடு மட்டும் இருந்தால், தண்ணீர் சரியாக ஓடவில்லை: பம்பின் விசிறி அரித்துப்போயிருக்கலாம், தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கலாம், ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால், தண்ணீர் ஓடுகிறது, ஆனால் காற்று அதனிடமிருந்து வெப்பத்தை வாங்கவில்லை. எளிதில் கண்ணில் படாத பழுது ஒன்றும் உண்டு. கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. அதற்குள் இருந்த கம்பிச் சுருள் துருப்பிடித்துக் கரைந்துவிட்டால், எஞ்சின் வேகமெடுக்கும்போது ரப்பர் உட்குழிந்து தண்ணீரை அடைத்துவிடும். வண்டியை நிறுத்திப் பார்க்கும்போது ஹோஸ் வட்டமாக, குற்றமற்றதாகத் தெரியும். பானெட்டைத் திறந்து வைத்து ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க இன்னொருவர் பார்த்தால்தான் பிடிபடும்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, நம் வெயிலுக்குப் பழைய வண்டி கொதிக்கத்தான் செய்யும் என்று சொல்பவர்கள் உண்டு. பல பத்தாண்டுகள் கோடையிலும் டாக்ஸியாக ஓடிய கார் அம்பாசடர் என்பதே அதற்குப் பாதிப் பதில். மீதிப் பதில் கணக்கில் இருக்கிறது. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், தண்ணீரின் சூட்டுக்கும் காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரியில் இருக்க, மார்கழிக் காலையில் காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 70. கத்திரி வெயிலில் காற்று 40 டிகிரி என்றால் 50 மட்டுமே. அதே ரேடியேட்டரின் திறனில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு இந்த இழப்பைத் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு உண்டு. குழாய்களில் கால்வாசி ஏற்கெனவே அடைத்துப்போன வண்டிக்கு அந்தக் கையிருப்பு மார்கழியிலேயே செலவாகிவிட்டது. அப்போது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். வெயில் பழுதை உண்டாக்குவதில்லை, இருந்த பழுதைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த அடைப்பில் போர்வெல் தண்ணீருக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அதன் சுண்ணாம்பு சிலிண்டர் சுவரில் படிந்தால், இரும்பு கடத்துவதில் இருபதில் ஒரு பங்கு வெப்பத்தைக்கூட அது சரியாகக் கடத்தாது. காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுவதற்கு ஆகும் செலவு இதன் முன் ஒன்றுமே இல்லை.

எரிதல் பக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இக்னிஷன் டைமிங் பின்தங்கினால் தீப்பொறி தாமதமாக விழுகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போதும் எரிதல் நீடித்து, வேலையாக மாற வேண்டிய வெப்பம் சிலிண்டர் சுவருக்கும் புகைபோக்கித் துளைக்கும் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு எடைகள் துருவால் இறுகிவிட்டால், நின்ற இடத்தில் டைமிங் சரியாகவே காட்டும், வேகத்தில்தான் பின்தங்கும். பி-சீரீஸ் ஹெட்டில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்குப் புகை வெளியேற ஒரே துளைதான். ஆகையால் இந்த மிகைச்சூடு அந்த நடுப்பகுதியைக் கடுமையாகத் தாக்கும். புது ரேடியேட்டர் வாங்கிப் போட்டும் நெடுஞ்சாலையில் கொதிக்கும் வண்டிகளில் டைமிங் லைட் வைத்துப் பார்க்காமல் மேலே போகக் கூடாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊரில் வேரூன்றிவிட்ட வழக்கம். அது மூடிய நிலையில் சிக்கியிருந்தால், கழற்றியதும் வண்டி உடனே குளிர்வது உண்மைதான். அந்த அனுபவத்திலிருந்துதான் வழக்கமும் பிறந்திருக்கும். ஆனால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும், தேய்மானம் கூடும். சிக்கியிருக்கிறதா என்று அறிய அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீரும் வெப்பமானியும் போதும். 82 என்று பொறித்த தெர்மோஸ்டாட், நூலில் கட்டித் தொங்கவிட்டால், அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் மாற்றலாம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டால் தேடல் மிச்சம் என்ற வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. பாகங்கள் எல்லாமே வயதானவை. ஆனால் ஹெட் கேஸ்கட் கசிந்தால், வெளியே மாட்டும் எந்தப் புதுப் பாகமும் உதவாது. இதற்கும் ஒரு நேரம் இருக்கிறது: காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஒரு நிமிடத்துக்குள், தண்ணீர் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகும். ரேடியேட்டர் மூடியை, எஞ்சினைக் கிளப்பும் முன்பே கழற்றி வைத்திருந்தால் தண்ணீரில் குமிழிகள் தொடர்ந்து வரும். (சூடான எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. 7 பவுண்டு அழுத்த மூடியின் கீழ் தண்ணீர் 110 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகியதும் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.) சந்தேகம் தீர நீலநிறச் சோதனைத் திரவம் கிடைக்கிறது, எரிந்த வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் மஞ்சளாகும். அப்படி ஆனால் ஹெட்டைக் கழற்றி, நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவு பார்க்க வேண்டும். பம்பிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் நான்காம் சிலிண்டரைச் சுற்றிப் பல ஆண்டுத் துரு சேறாக உறைந்திருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும். அதைக் கம்பியால் கிளறிக் கழுவி எடுக்காமல் புது கேஸ்கட் போட்டு மூடினால், அடுத்த கத்திரியில் அதே ஹெட்டை மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்.