கடலின் நுண்ணடுக்குகள்

கரையில் நின்று நோக்குவார்க்குக் கடல்நீர் மேலிருந்து அடிவரை ஒரே தன்மையதாகத் தோன்றும். உண்மை அதுவன்று. வெயிலால் சூடேறிய நீரும், ஆறுகள் கொணரும் நன்னீரும் அடர்த்தி குறைந்தமையால் மேலே மிதக்கும். குளிர்ந்த நீரும் உவர்ப்பு மிக்க நீரும் கீழே தங்கும். இவ்வாறு அமைந்த அடுக்குகளின் இடையே, கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் சிலபோது மெல்லிய படலமாகத் திரளும். அப்படலத்தின் தடிப்புச் சில சென்டிமீட்டர் முதல் சில மீட்டர் வரையே இருக்கும்.

இதனை அறிவதனால் பயன் யாது? 1987ஆம் ஆண்டில் கனடா நாட்டில் நஞ்சேறிய சிப்பிகளை உண்டோர் நூற்றுவர்க்கு மேல் நோயுற்றனர், சிலர் மாண்டனர். 1991இல் கலிபோர்னியாவின் மான்ட்டரே விரிகுடாவில் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் பெருந்தொகையாக இறந்தன. அவை உண்ட நெத்திலி மீன்களிலும் அதே நஞ்சு இருந்தது. டோமாயிக் அமிலம் என்னும் அந்நஞ்சைச் சூடோ-நிட்சியா என்னும் நுண்பாசி உண்டாக்குகிறது. அது மேற்பரப்பில் தோன்றாது ஆழத்தே படலமாகத் திரண்டிருப்பின், கரையில் வாழ்வோர் எங்ஙனம் அறிவர்?

முன்னாளில் நார்வே நாட்டறிஞர் நான்சென் அமைத்த குப்பிகளைக் கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டிக் கடலுள் இறக்குவர். மேலிருந்து நழுவவிட்ட எடைக்கட்டி குப்பியின்மேல் மோதும். உடனே குப்பி தலைகீழாகக் கவிழ்ந்து, அவ்வாழத்து நீரை அகத்தே கொண்டு மூடிக்கொள்ளும். அரிய கருவியே, ஆயினும் இரு குப்பிகட்கு இடையே பல மீட்டர் வெளி கிடந்தது. பெருங்கண் வலையில் நெத்திலி தங்குமோ? மெல்லிய படலங்களும் அவ்வாறே தப்பின.

பின்னர், சி.டி.டி. என்னும் மின்கருவி தோன்றியது. இது நீரின் மின்கடத்துதிறனையும் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் இடைவிடாது அளக்கும். இவற்றால் உவர்ப்பும் ஆழமும் கணிக்கப்படும். விநாடிக்கு 24 முறை அளக்கும் கருவி, விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வீதம் இறங்குமாயின், அரை சென்டிமீட்டருக்குள் ஓர் அளவு கிட்டும். இதனுடன் நீலவொளி பாய்ச்சும் கருவியையும் இணைப்பர். அவ்வொளி பட்ட பாசியின் பச்சையம் செந்நிறமாய் ஒளிரும். ஒளிர்வு மிகுந்த ஆழத்தில் பாசி மிகுந்துள்ளது எனத் தெளியலாம்.

ஆயினும் ஓர் இடர் எஞ்சியது. அலையில் கப்பல் எழுந்து தாழுந்தோறும் கயிற்றில் தொங்கும் கருவியும் எழுந்து தாழ்ந்து, அளக்கவேண்டிய அடுக்கையே கலக்கிவிடும். இதனை நீக்க இரு வழிகள் கண்டனர். ஒன்று, கயிற்றைத் தளரவிட்டுக் கருவியைத் தன் எடையாலேயே மெல்ல அமிழச் செய்தல். மற்றொன்று, கடலடியில் நிறுத்திய உருளைப்பொறியில் மிதக்குங் கருவியைப் பிணித்தல். பொறி கயிற்றை விடுந்தோறும் கருவி அளந்துகொண்டே மேலெழும். கயிற்றைச் சுற்றுந்தோறும் கீழிறங்கும். 2005, 2006ஆம் ஆண்டுகளில் மான்ட்டரே விரிகுடாவில் நிகழ்ந்த ஆய்வில் இத்தகைய கருவிகள் நுண்படலங்களைக் காட்டின.

படலம் உள்ள இடத்தைக் கருவி காட்டும். அது நச்சுப்பாசியா, நற்பாசியா என்பதை ஒளிர்வு மட்டுங்கொண்டு துணிதல் இயலாது. அவ்விடத்து நீரை முகந்து நுண்பெருக்கியால் நோக்குதல் வேண்டும். எனவே குப்பியின் தேவை இன்றும் நீங்கவில்லை. எங்கே முகப்பது என்பதைப் புதிய கருவி சொல்ல, அங்கே முகந்து தருவது குப்பியின் பணியாயிற்று. பரந்த கடலை அறிய விழைவோர், அதன் விரலளவு நீரையும் விடாது நோக்குதல் வேண்டும்.